கடைமடைப் பயனாளி

வெண்ணாற்றங்குடியில் பெண் கொடுக்க வருகிறவர்கள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன், வீட்டுக் குழி எத்தனை படி என்று கேட்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பேரூராட்சியில் குழாய்த் தண்ணீர் மேலே ஏறாது. அது ஏறாததால் நாங்கள் இறங்குகிறோம். வாசலில் குழி வெட்டி, குழாயை அறுத்து, அடியில் தாழ்வாக ஒரு குழாய்த் திருகை மாட்டினால் தண்ணீர் விழும். மேல்நிலைத் தொட்டி இருக்கிற முன் தெருவில் முழங்கால் ஆழம் போதும். தொட்டியை விட்டுத் தள்ளிப் போகப் போகக் குழியும் ஆழமாகும். கடைசியில் இருக்கிற பள்ளிவாசல் பின்தெருவில் இடுப்பளவு வெட்டி, சிமெண்டுப் படி கட்டி, தகர மூடி போட்டு வைத்திருக்கிறோம். வசதியானவர்கள் குழிக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

தண்ணீர் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கும் மோட்டார் போடுகிற வைரக்கண்ணுவுக்கும் மட்டும்தான் தெரியும். வைரக்கண்ணுவைக் கேட்டால் அவர் ஆண்டவனைக் கைகாட்டுவார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அதுபோல முதலில் குழாய்க்குள் காற்று சீறும். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர் குடத்தோடு குழிக்குள் இறங்க வேண்டும்.

எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற காதர் மைதீன், வாழ்க்கையின் பாதியைக் குவைத்தில் ஒரு பலசரக்குக் கடையின் கல்லாவில் கழித்தவர். திரும்பி வந்து மாடி வீடு கட்டினார். மாடிக் குளியலறையில் ஷவர் வைத்தார். பாலைவனத்திலேயே திருகினால் கொட்டியது, ஆற்றுக்குப் பக்கத்து ஊரில் கொட்டாதா என்று நினைத்துவிட்டார், பாவம். அந்த ஷவரில் இன்றுவரை சிலந்திதான் குடியிருக்கிறது. போர் போட்டார், உப்புத் தண்ணீர் வந்தது, டீ போட்டால் பால் திரிந்தது. குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சலாம் என்றால் அது சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்கிற உரிமை முன் தெருவில் சில வீடுகளுக்கு மட்டும் உண்டு.

கடைத்தெருவில் தான் வைத்திருக்கிற மளிகைக் கடைக்கு அவர் போயிருந்த ஒரு பகலில், காற்று சீறுகிறதே என்று அவசரமாக இறங்கிய அவர் மனைவி சஃபியா பாசிப் படியில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் போயிற்று. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்த டாக்டர், இனிப் படி ஏறி இறங்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது என்றார்.

"வீட்ல படி நிறைய இருக்காம்மா?"

"வீட்ல இல்ல டாக்டர். குழாய்லதான் இருக்கு" என்றாள் சஃபியா.

டாக்டர் அதை மயக்க மருந்தின் விளைவு என்று நினைத்துக்கொண்டார்.

காதர் மைதீனுக்கு அதன் பிறகு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். தண்ணீர் குழியைவிட்டு மேலே வர வேண்டும். இடுப்பு உயரத்தில் ஒரு குழாய், அதில் சஃபியா நின்றபடியே ஒரு குடம் பிடிக்க வேண்டும், ஐந்து வேளைத் தொழுகைக்கும் நின்றபடியே கைகால் முகம் கழுவி ஒளு செய்ய வேண்டும். ஷவரை அவர் எப்போதோ மறந்துவிட்டார். நீரழுத்த மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே போய்க் குறையைச் சொன்னார்.

உதவிப் பொறியாளர் தமிழ்மாறன் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. கெட்டவர் அல்ல, அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கையில் கடிகாரம்போல் முள் வைத்த ஒரு கருவி கொண்டுவந்திருந்தார்.

"குழாய் எங்க பாய்?"

"உள்ள இருக்கு சார். பாத்து இறங்குங்க, வழுக்கும்."

தமிழ்மாறன் பேண்டை மடித்துவிட்டு இறங்கினார். குழாயில் கருவியைத் திருகினார். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

"அழுத்தம் இருக்கே பாய்!"

"குழிக்குள்ள இருக்கு சார். மேல இல்லியே."

"மேல குழாய் இருக்கா?"

"மேலதான் தண்ணி ஏறாதே. அப்புறம் எப்படிக் குழாய் இருக்கும்?"

"குழாயே இல்லாத இடத்துல அழுத்தம் இல்லன்னு நான் எப்படி எழுத முடியும், சொல்லுங்க. பயனாளியோட குழாய்லதான் அளக்கணும்னு விதி. உங்க குழாய் இங்க இருக்கு. இங்க போதுமான அழுத்தம் இருக்கு."

"சரி சார், குழாய மேல தூக்கி மாட்டிடறேன். அப்ப வந்து அளக்குறீங்களா?"

"தாராளமா மாட்டுங்க. ஆனா தண்ணி வந்தாத்தான் இந்தக் கருவி வேலை செய்யும். தண்ணி வராத குழாய நாங்க இணைப்புன்னே கணக்குல எடுக்கறதில்ல."

காதர் மைதீன் இதை மனசுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். எங்கே பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சஃபியா வாசலிலிருந்து கேட்டாள்: "அப்ப என் காலு, தம்பி?"

"அது சுகாதாரத் துறைம்மா" என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னார் தமிழ்மாறன்.

பள்ளிவாசல் பின்தெருவில் அழுத்தக் குறைவு இல்லை என்று அறிக்கை போனது. ஆனாலும் திட்டம் வந்தது. குறை இருக்கிறதா என்று பார்த்துத் திட்டங்கள் வருவதில்லை; மார்ச் மாதம் நெருங்குகிறதா என்று பார்த்துத்தான் வருகின்றன. பழைய தொட்டிக்குப் பதிலாகப் பெரிய தொட்டி, அதுவும் இன்னும் உயரத்தில்.

மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பிரிவின் தலைமைப் பொறியாளர் மங்களாம்பிகை அம்மையார் வந்திருந்தார். திரையில் படங்கள் ஓடின. ஒரு படத்தில் தொட்டி சிறியதாக இருந்தது, மக்கள் அழுதார்கள். அடுத்த படத்தில் தொட்டி பெரியதாக இருந்தது, அதே மக்கள் சிரித்தார்கள்.

"தொட்டி எவ்வளவு உயரமோ, அவ்வளவு அழுத்தம். இது விஞ்ஞானம்" என்றார் அம்மையார். "உங்கள் தொட்டி தாழ்ந்திருந்ததால் நீங்கள் தாழ்ந்திருந்தீர்கள். இனி உங்களைத் தாழ விடமாட்டோம்."

கைத்தட்டல் ஓய்ந்ததும் காதர் மைதீன் எழுந்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. இப்ப இருக்கிற மோட்டார் இந்தத் தொட்டிக்கே திணறுது. அவ்ளோ உசரத்துக்குத் தண்ணிய யாரு ஏத்துவா?"

அம்மையார் புன்னகைத்தார். "மிக நல்ல கேள்வி. இதைப் போன்ற கேள்விகளுக்காகத்தான் இந்தக் கூட்டமே. கேள்வி பதிவு செய்யப்பட்டது."

அப்புறம் டீ வந்தது.

தொட்டி வளர்ந்தது. நடுவில், பக்கத்து ஊர்த் தொட்டியைவிட நம்முடையது ஒரு முழமாவது உயரமாக இருக்க வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் கேட்டுக்கொண்டதால் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. உச்சியில் ஏறிய கொத்தனார் அங்கிருந்து மன்னார்குடி கோபுரம் தெரிகிறது என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். எங்கள் பெருமைக்குத் தண்ணீர் தேவைப்படுவதில்லை.

சஃபியாதான் அதைத் தினமும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இன்னொரு தட்டு ஏறிருச்சு போல" என்பாள். அந்த நாட்களிலும் காதர் மைதீன் கடையில் இருக்கும்போது காற்று சீறத்தான் செய்தது. அவள் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, குடத்தை முதலில் மேலே வைத்து, பிறகு தானும் அப்படியே ஏறி வருவாள். கணவன் கேட்டால், "நான் எங்க இறங்கினேன், பக்கத்து வீட்டு ஹலீமா புடிச்சுக் குடுத்தா" என்பாள். ஹலீமா அப்போது மயிலாடுதுறையில் மகள் வீட்டில் இருந்தாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது, கடையை மூடிவிட்டுக் குழியருகே உட்கார முடியுமா?

வெள்ளோட்டம் வந்தது. வைரக்கண்ணு சூடம் காட்டிவிட்டு மோட்டார் போட்டார். மோட்டார் உறுமியது, நடுங்கியது, புகைந்தது. தண்ணீர் தொட்டிக்குப் போகிற குழாயில் பாதித் தூரம் ஏறி, இளைப்பாறி, வந்த வழியே திரும்பியது. மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் அதே பாதித் தூரம். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதை முதல் தடவையாக நான் கண்ணால் பார்த்தேன்.

காதர் மைதீன் ஓடினார். "என்ன சார் இது?"

"தொட்டி எங்க பிரிவு பாய். மோட்டார் வேற பிரிவு" என்றார் தமிழ்மாறன். "அவங்களுக்கு எழுதியிருக்கோம். அடுத்த கட்டத்துல வரும்."

"அதுவரைக்கும்?"

தமிழ்மாறன் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "அழுத்தம் ரெடியா இருக்கு பாய். தண்ணி மட்டும்தான் பாக்கி."

அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். அந்த அலுவலகத்தில் சில வருஷம் வேலை பார்த்தால் நானும் நம்புவேன்.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தார்கள். புதிய தொட்டியை மறைக்கிறது என்று பழைய தொட்டியை இடித்தார்கள். அடுத்து, குழிகளை எல்லாம் மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. குழி என்பது அழுத்தக் குறைவின் அடையாளம், மேம்படுத்தப்பட்ட ஊரில் அந்த அடையாளம் இருக்கக் கூடாதாம். பொக்லைன் வந்தது. டைல்ஸ் ஒட்டிய குழி, ஒட்டாத குழி என்ற பேதமில்லாமல் எல்லாவற்றையும் மண் போட்டு மூடிச் சமப்படுத்தினார்கள். குழாய்களை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பளபளப்பான திருகு மாட்டினார்கள்.

பள்ளிவாசல் பின்தெருவின் கடைசி வீடு என்பதால் காதர் மைதீனைக் கடைமடைப் பயனாளியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் வீட்டுக் குழாயில்தான் அம்மையார் தண்ணீர் திறப்பார் என்று முடிவாயிற்று.

அன்று மாலை சஃபியா வாசலுக்கு வந்து அந்தக் குழாயைத் திருகிப் பார்த்தாள். காற்றுகூட வரவில்லை. மூடினாள். மறுபடியும் திறந்தாள். குனியாமல், உட்காராமல் கைக்கு எட்டுகிறதே என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"நின்னுக்கிட்டே ஒளு செஞ்சுக்கலாம்ங்க" என்றாள்.

காதர் மைதீன் மோட்டாரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

விழா நாளில் விடியற்காலையிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து, தீயணைப்பு வண்டியின் குழாய் வழியாகத் தொட்டிக்குள் ஏற்றினார்கள். ஊரில் மற்றத் தெருக்களின் வால்வுகளை எல்லாம் வைரக்கண்ணு அடைத்துவிட்டு, எங்கள் தெருவை மட்டும் திறந்து வைத்தார். பந்தல் போட்டு வாழைமரம் கட்டியிருந்தது.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருகிறபோது, மதகில் நின்று மலரும் நெல்லும் தூவி வரவேற்பது எங்கள் பக்கத்து வழக்கம். வருஷா வருஷம் அதைச் செய்து பழகிப்போன கை சும்மா இருக்குமா? குழாய்த் தண்ணீருக்கும் தூவிவிட வேண்டும் என்று கூடை கூடையாக மலரும் விதைநெல்லும் வாங்கி வந்திருந்தார்கள். மதகில் தூவினால் ஆறு கொண்டுபோகும். குழாயடியில் தூவினால் அங்கேயே கிடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மையார் திருகைத் திறந்தார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அவர் பட்டுப்புடவை நனைந்தது, கூட்டம் ஆரவாரித்தது, நெல்லும் பூவும் மழையாக விழுந்தன. சஃபியாவை முன்னால் தள்ளினார்கள். அவள் இரண்டு கைகளையும் நீட்டி முகம் கழுவினாள். அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது. தூரத்தில் இருந்தவர்கள் குளிக்கிறாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அம்மையார் பேசினார். "சிலர் மோட்டாரைப் பற்றிக் கேட்கிறார்கள். கல்லணையைக் கட்டியவனிடம் யாராவது மோட்டார் எங்கே என்று கேட்டார்களா? தண்ணீர் இன்று வரும், நாளை போகும். தொட்டிதான் நிற்கும். என் பணிக்காலத்தில் நான் திறந்து வைத்த எல்லாத் தொட்டிகளும் இன்றும் அப்படியே நிற்கின்றன. அவற்றில் ஒன்றுகூடப் பயன்படுத்தித் தேய்ந்து போகவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

பலத்த கைத்தட்டல். நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் வீட்டுக் குழாயை அறுத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

லாரித் தண்ணீர் மறுநாளோடு தீர்ந்தது. அதன் பிறகு வைரக்கண்ணு, தொட்டியை விட்டுவிட்டு, மோட்டார்த் தண்ணீரை நேராகத் தெருக் குழாய்களில் தள்ளினார். வேறு வழி அவருக்கும் இல்லை. பழைய தொட்டி இருந்தவரை இருந்த கொஞ்சநஞ்ச வேகமும் போயிற்று. இடுப்பு உயரக் குழாய்களில் காற்று சீறியது. சீறிவிட்டு அடங்கியது. முன் தெருக்காரர்கள் ஒரே வாரத்தில் குழியைத் தோண்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவும் மண்வெட்டியை எடுத்தது. காதர் மைதீன் மட்டும் தோண்டவில்லை. முன் தெருவரை போய், சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவந்தார். வயதான மனுஷர், வாரக்கணக்கில் அப்படி அலைந்தார்.

"வரும் சஃபியா. மோட்டார் வந்துரும்னு சொல்லியிருக்காங்க."

சஃபியா வாசலைக் காட்டினாள். மூடிய குழியின் ஈர மண்ணில், விழாவில் தூவிய விதைநெல் முளைத்துப் பச்சைப் பசேல் என்று நின்றது.

"நாத்தே வந்துருச்சுங்க. தண்ணி வரல. நீங்க சைக்கிள்ல விழுந்து வச்சா நான் என்ன பண்ணுவேன்? தோண்டுங்க."

அவர் நாற்றைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டினார். பழைய ஆழத்துக்குப் போய்க் குழாயை அறுத்து மாட்டினார். சொட்டுக்கூட விழவில்லை. பழைய படிகளுக்குக் கீழேயும் வெட்டிக்கொண்டே போனார். கழுத்தளவு ஆனபோதுதான் திருகிலிருந்து நூலாகத் தண்ணீர் இறங்கியது. அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். எட்டிப் பார்த்த என்னிடம், "குவைத்துலயே இருந்திருக்கலாம்" என்றார்.

திட்டத்தின் பலனை மதிப்பீடு செய்ய அம்மையாரும் தமிழ்மாறனும் ஒரு படக்காரரோடு வந்தார்கள். காதர் மைதீனும் நானும் வாசலில் அவர்களோடு நின்றோம். வந்த நேரம் நல்ல நேரம். காற்று சீறி, தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது. அந்த முதல் சீறலுக்கே, கணவன் கடையிலிருந்து வந்து சேருவதற்குள், சஃபியா உட்கார்ந்து உட்கார்ந்தே குழிக்குள் இறங்கிவிட்டிருந்தாள். கீழே அவள் ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது. தமிழ்மாறன் விளிம்பில் மண்டியிட்டுக் கருவியை நீட்டினார்.

"அம்மா, இதக் கொஞ்சம் குழாய்ல திருகுங்களேன்."

"தண்ணி நின்னுரும் தம்பி. ஒரே ஒரு குடம் புடிச்சுக்கிறேன்."

"ஒரு நிமிஷம்தாம்மா. மேடம் அவசரமா போகணும்."

அவள் குடத்தை நகர்த்திவிட்டுக் கருவியைத் திருகினாள். தண்ணீர் அடைபட்டது.

"முள் எங்க நிக்குது?"

அவள் சொன்னாள். தமிழ்மாறன் பழைய அறிக்கையைப் பார்த்தார். முள் அப்போதைவிட ஒரு கோடு கூடுதலாக நின்றது.

"கூடியிருக்கு மேடம்."

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மையார்.

காதர் மைதீன் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், குழி முன்ன இருந்ததவிட ரொம்ப ஆழம். அதனாலதான் கூடத் தெரியுது. மேல வந்து பாருங்க, ஒண்ணுமே இல்ல."

"குழி எங்கள் அளவீட்டில் வராது பாய். குழாய் மட்டும்தான். பயனாளியின் குழாயில் அழுத்தம் உயர்ந்திருக்கிறது. இதற்காகத்தான் இத்தனை பேர் இரவு பகலாக உழைத்தோம்."

தமிழ்மாறன் யார் முகத்தையும் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும், "கழட்டிக் குடுங்கம்மா" என்றார். சஃபியா கருவியைக் கழற்றினாள். திருகிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. பிறகு காற்று. பிறகு அதுவும் நின்றது. அவள் வெறும் குடத்தை முதலில் மேலே வைத்தாள்.

"கையக் குடுங்க, மேல வரணும்" என்றாள்.

காதர் மைதீன் விளிம்பில் குப்புறப் படுத்து ஒரு கையை நீட்டினார். தமிழ்மாறன் கருவியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கையைப் பிடித்தார். முழங்காலை மடக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மேலே வருகிற அந்த நேரத்தில் படக்காரர் படம் எடுத்தார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, புதிய தொட்டியின் காலில் பலகையாக மாட்டியிருக்கிறார்கள். குழி படத்தில் விழவில்லை. பயனாளி ஒரு பக்கம், அலுவலர் ஒரு பக்கம், கோத்த கைகள் மட்டும் தெரிகின்றன. கீழே "உயர்ந்தது அழுத்தம், உயர்ந்தனர் மக்கள்" என்று எழுதியிருக்கிறது. ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. சஃபியா மட்டும் இன்னும் பார்க்கவில்லை. தொட்டி வரைக்கும் நடக்க அவளுக்குக் கால் ஒத்துழைக்காது. அதோடு, எந்நேரம் காற்று சீறும் என்று தெரியாததால் அவள் குழியை விட்டு நகர்வதும் இல்லை.